பல் பிடுங்க முழு மயக்கம் எதுக்கு? கொல்லிமலைக்காரர்களுக்கு அது ஏன் எட்டாத சிகிச்சை?

சொத்தைப் பல்லுக்கு ஆபரேஷன் தியேட்டரா என்று கேட்பவர்கள் உண்டு. ஈறில் ஒரு ஊசி, 'வாயைத் திறங்க', வேலை முடிந்தது என்பதுதான் நமக்குத் தெரிந்த பல் வைத்தியம்.

கடும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள சிலருக்கு அந்த 'வாயைத் திறங்க'தான் முடியாத காரியம். வலிக்குது என்று சொல்லவும் வராது. சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், கன்னத்தில் அடித்துக்கொள்வார்கள். வீட்டில் அடம் என்று நினைத்துவிடுகிறார்கள். வலிப்புக்காகப் பல வருஷம் ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு ஈறு வளர்ந்து பல்லையே மூடும்.

பொறுமையாகப் பழக்கியும், லேசான மயக்கம் கொடுத்தும் முடியாதபோதுதான் முழு மயக்கம். சுவாசக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக விடுவார்கள். வாய் முழுக்க பல் டாக்டருக்குக் கிடைக்கும். அடைப்பது, பிடுங்குவது, சுத்தம் செய்வது எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். ஏன் பட்டினி என்று புரியாத பிள்ளையோடு அந்த 6 மணி நேரத்தை ஓட்டுவது தனிப் பாடு.

இதை கொல்லிமலையில் வைத்துப் பாருங்கள். செம்மேட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் போக வேண்டும். பல்லைக் காட்ட ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மயக்க டாக்டரைப் பார்க்க இன்னொரு நாள். அப்புறம்தான் சிகிச்சை. ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போச்சு.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, கிராமப்புறங்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவச சிகிச்சை, வரிசையில் முன்னுரிமை என்று சொல்கிறது. இலவசத்துக்கு வருமான வரம்பு உண்டு. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-ல் திறந்தாகிவிட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் மயக்கவியல் துறையும் தியேட்டரும் இருந்தே தீரும். பல் டாக்டர், மயக்க டாக்டர், தியேட்டர் மூன்றும் ஒரே நாளில் அமைவதுதான் சிக்கல். அவசர ஆபரேஷன்களுக்கு நடுவே பல்லுக்கு இடம் கிடைப்பது எளிதல்ல.

மாதத்தில் ஒரு நாளை இவர்களுக்கென்றே ஒதுக்கலாம். பரிசோதனைகளைச் சேந்தமங்கலத்திலேயே முடித்து, மயக்க டாக்டருக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கலாம். மலையிலிருந்து வருபவர்களை முதல் நாள் இரவே வார்டில் சேர்த்துக்கொண்டால், வெறும் வயிற்றோடு 70 வளைவு இறங்க வேண்டியதில்லை.