பட்டமும் பட்டயமும்

கணக்கியலிற் பட்டம் பெறாதவர் கணக்காளராகும் தகுதி அற்றவர் என்னும் கருத்து எமது வர்த்தக, முகாமைத்துவ பீடங்களில் அடிக்கடி ஒலிக்கக் கேட்கின்றோம். உயர்தரச் சித்தியோடு வருவோரைத் தொழில்சார் நிறுவகங்கள் பதிவுசெய்தல் தகாது, பட்டமே நுழைவுத் தகைமையாதல் வேண்டும் என்று வாதிடுவோரும் உளர். தொழிலின் தரத்தைக் காப்பதே தம் நோக்கம் என்பர் இவர்கள். ஆயின் இவ்வாதத்தைச் சற்று ஊன்றி நோக்கின், தரத்தின் பெயரால் இங்கு காக்கப்படுவது பல்கலைக்கழக அனுமதி பெற்ற சிறு தொகையினரின் சலுகையே என்பது புலனாகும்.

முதலில் நடைமுறையை நோக்குவோம். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தாபிக்கப்பட்டது. அதன் உறுப்பினராவதற்கு அன்றும் இன்றும் பட்டம் கட்டாயமன்று. படிமுறையான பரீட்சைகளிற் சித்தியடைதலும், அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றில் மேற்பார்வையின்கீழ்ப் பல ஆண்டுகள் பயிற்சி பெறுதலுமே கேட்கப்படுகின்றன. எமது மாணவர் பலர் நாடும் பிரித்தானிய முகாமைக் கணக்காளர் நிறுவகமும் பட்டமற்றோர்க்குத் தன் வாயிலை மூடவில்லை. மறுபுறத்தில், கணக்கியற் பட்டதாரி ஒருவர் பெறுவது யாது? சில வினாத்தாள்களிலிருந்து விலக்கு மட்டுமே. எஞ்சிய பரீட்சைகளையும் பயிற்சியையும் அவரும் நிறைவுசெய்தேயாதல் வேண்டும். கம்பனியொன்றின் கணக்காய்வறிக்கையிற் கையொப்பமிடும் உரிமையைப் பட்டம் மட்டும் எவர்க்கும் அளிப்பதில்லை. ஆகவே கணக்காளரை ஆக்குவன பரீட்சையும் பயிற்சியுமே. பட்டம் அவ்விடத்தை அடையும் பாதைகளுள் ஒன்று.

இஃது இத்துறையின் வரலாற்றோடு இயைந்த நிலையுமாகும். இரட்டைப் பதிவு முறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறந்ததன்று. 1340ஆம் ஆண்டுக்குரிய ஜெனோவா நகராட்சியின் பேரேடுகளிலேயே அம்முறை காணப்படுகின்றது. லூக்கா பாசியோலி என்னும் கணிதப் பேராசிரியர் 1494இல் அதனை நூலில் விளக்கியபோது, வெனிஸ் நகர வணிகர் கையாண்டுவந்த வழக்கத்தையே எழுதிவைத்தார். வணிகர் செய்தனர், பேராசிரியர் ஒழுங்குபடுத்தினார். 1854இல் எடின்பரோக் கணக்காளர் சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1880இல் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகமும் பெற்றது. அவற்றின் உறுப்பினர் உருவாகிய இடம் தேர்ந்த கணக்காளர் ஒருவரின் அலுவலகம். பட்டயம் என்னும் சொல்லே அந்த அரச சாசனத்தைக் குறிப்பது. அதற்கும் பல்கலைக்கழகப் பட்டத்திற்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை பொருளில் இல்லை.

எதிர்வாதிகளின் வலிமைமிக்க வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையன்று. கணக்கியல் இன்று காசேட்டையும் பேரேட்டையும் எழுதும் வேலையன்று. சர்வதேச நியமங்கள், வரிச்சட்டம், நிதிச் சந்தை, கணினி முறைமை எனப் பரந்துவிட்டது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வவுச்சர்களைச் சரிபார்த்தே இவற்றைக் கற்றல் இயலாது என்பர். உண்மைதான். ஆயின் இவை யாவும் தொழில்சார் பரீட்சைகளின் பாடத்திட்டத்திலேயே உள்ளன. அவற்றிற் சித்தியடைந்தவர் அவற்றைக் கற்கவில்லை என்று எவ்வாறு கூறுவது? பரீட்சையின் தரம் போதாதெனின் பரீட்சையைக் கடினமாக்குக. அதனை எழுதுவோரின் தொகையைக் குறைப்பது அதற்குப் பரிகாரமாகாது. மேலும், இலங்கையின் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமங்களுடன் ஒருங்கிணைந்து 2012ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, முன்னர் பட்டம் பெற்றோரும் பெறாதோரும் ஒருங்கே மீண்டும் மாணவராயினர். இத்தகைய துறையில் இருபத்தைந்து வயதிற் பெற்ற சான்றிதழ் ஆயுட்காலத் தரத்திற்கு உறுதியாதல் எங்ஙனம்?

கல்வி ஆண்டுகளைக் கூட்டினால் தரம் உயருமா என்பதை ஐக்கிய அமெரிக்கா சோதித்துப் பார்த்திருக்கின்றது. 1896இல் நியூயோர்க் மாநிலத்தில் முதற் சட்டம் பெற்ற அத்தொழில், காலப்போக்கில் இளமாணிப் பட்டத்தை வேண்டியது. பின்னர் அதுவும் போதாதென்றது. 120 பருவ மணிகள் கொண்ட வழமையான பட்டத்தின் மேல் மேலும் 30 மணிகள், அதாவது ஓராண்டுக் கல்வி, வேண்டும் என்னும் விதியைப் புளோரிடா 1983இல் நடைமுறைப்படுத்தியது; ஏனைய மாநிலங்களும் தொடர்ந்தன. விளைவு யாது? ஜோன் பாரியோஸ் என்னும் ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதன்முறையாகப் பரீட்சைக்குத் தோற்றுவோர் தொகை ஏறத்தாழ 15 வீதம் குறைந்தது. தகுதி பெற்றோரின் தரத்திலோ குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. கணக்காளர் பற்றாக்குறை முற்றியபின், 2025 ஜனவரியில் ஒஹையோ மாநிலம், மேலதிக ஓராண்டுக் கல்விக்குப் பதிலாக மேலதிக அனுபவம் போதுமெனச் சட்டம் இயற்றியது. அனுபவத்தை வெளியே தள்ளியோர் அதனையே மீண்டும் அழைத்தனர். அவர்கள் கைவிடத் தொடங்கிய பாதையில் நாம் ஏன் காலடி வைத்தல் வேண்டும்?

பட்டம் நேர்மைக்கும் பிணையாகாது. 2001இல் என்ரோன் நிறுவனம் வீழ்ந்தது. அதன் கணக்காய்வாளரான ஆதர் அண்டர்சன் நிறுவனமும் அதனோடு சரிந்தது. அவ்விரு நிறுவனங்களிலும் பட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் நிலவியது, பெருந்தொகை செலுத்தும் வாடிக்கையாளரிடம் "இதற்கு ஒப்பமிட இயலாது" எனக் கூறும் துணிவுக்கே. அத்துணிவு விரிவுரைக் குறிப்புகளில் வருவதன்று. நேர்மையான மூத்தவர் ஒருவரின் அருகிலிருந்து பழகுவதால் வருவது.

தரத்தின் பெயரால் வாயில்களை அடைப்பது இத்தொழிலுக்குப் புதிதன்று. பயிற்சிக்கெனப் பெருந்தொகைப் பணம் செலுத்த வல்ல குடும்பத்தினரே பிரித்தானியாவில் ஒருகாலத்திற் பயிலுநராக முடிந்தது. மேரி ஹரிஸ் ஸ்மித் என்னும் பெண்மணி கணக்காளராகத் தொழில் புரிந்துகொண்டே இங்கிலாந்து நிறுவகத்திடம் அனுமதி கோரியபோது, பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டார். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கிய பின்னர், 1920இலேயே அவர் அங்கு முதற் பெண் உறுப்பினரானார். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. முன்னர் பணத்தையும் பாலையும் நோக்கியோர் இருந்தனர். இன்று பட்டத்தை நோக்க வேண்டும் என்கின்றனர். ஆளின் ஆற்றலை நோக்காமை மூன்றுக்கும் பொது.

எமது நாட்டில் இத்தடை எவரைத் தாக்கும்? பல்கலைக்கழகம் புகத் தகைமை பெற்றும் இடமின்மையால் வெளியே நிற்போர் ஆண்டுதோறும் அனுமதி பெறுவோரிலும் மிகுதி. இசட் புள்ளியின் ஒரு சிறு பின்னம் ஒருவரை உள்ளே விடுகின்றது. மற்றவரை வெளியே நிறுத்துகின்றது. அவ்வாறு நின்றவர் தோட்டப் பாடசாலையிற் பயின்றவராக இருக்கலாம். 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்து கொட்டில்களில் எழுதப்படித்தவராக இருக்கலாம். அவர்க்கு எஞ்சிய கண்ணியமான பாதைகளுள் இஃதொன்று. பயிற்சிக் காலத்திற் கிடைக்கும் சிறு கொடுப்பனவேனும் வீட்டுக்கு உதவும். இலவசக் கல்வியின் பயனை இறுதிப்படி வரை நுகர்ந்த நாம், படியில் இடம் கிடையாதவரின் பக்கவழியையும் அடைக்கக் கோருவது எந்த நீதி?

இவ்வழி குறையற்றது என யாம் கூறவில்லை. பயிலுநரை மலிவான எழுதுவினைஞராகக் கருதி, ஆண்டுக்கணக்கிற் கூட்டற் பிழை தேடவிடும் அலுவலகங்கள் உள. கணக்காய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பிற் குவிந்துள்ளமையால், மட்டக்களப்பிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வருபவரின் கொடுப்பனவை அறை வாடகையே விழுங்கிவிடுகின்றது. பாடசாலையில் ஐந்தொகையையும் பெறுமானத் தேய்வையும் தமிழிற் கற்றவர், உயர்நிலையை எட்டும்போது ஆங்கில நூல்களையே நம்பவேண்டியவராகின்றார். சட்டத்திற் திறந்த வாயில் வாழ்வில் அரைவாசி மூடிக்கிடப்பதற்கு இவையே காரணம். தரத்தில் உண்மையான அக்கறை உடையோர் போராட வேண்டிய களமும் இதுவே. நியாயமான பயிற்சிக் கொடுப்பனவு, வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பயிற்சி இடங்கள், பயிலுநர் உண்மையிற் கற்கின்றாரா என்னும் கண்டிப்பான மேற்பார்வை ஆகியவற்றைக் கோருவோமாக.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் கடமை உண்டு. எமது விரிவுரையாளர் உயர்நிலைக் கணக்கியல் நூல்களைத் தமிழில் ஆக்கலாம். எமது நூலகங்கள் மாலை வேளைகளில் வெளிப் பயிலுநர்க்கு இடமளிக்கலாம். இறுதியாண்டு மாணவர் வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு அமர்ந்து பயிலலாம். பயிற்சி பெறுவோரிடமிருந்து நாம் கற்கவேண்டியவையும் குறைவல்ல. கணக்கியற் பட்டம் சிந்தனையை விரிப்பதாயின் அதன் பெறுமதியை எவரும் மறுக்கார். பிறரை விலக்கும் வேலியாலேயே தன் மதிப்பைக் காத்துக்கொள்ள வேண்டிய பட்டமோ தன் வறுமையைத் தானே அறிவித்துவிடுகின்றது. கணக்காளரைப் பரீட்சையும் பணியும் அளந்துகொள்ளட்டும். அவர் எந்த வாயிலால் வந்தார் என்று வினவும் உரிமை எமக்கில்லை.