மறுத்தால் ஆம்பளை இல்லையா?

"இன்னுமாடா போகலை? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" டீக்கடை பெஞ்சில் ஒரு வாலிபரை நாலு சிநேகிதர்கள் இப்படி நையாண்டி செய்ததைக் காதால் கேட்டோம். "கல்யாணம் வரைக்கும் வேண்டாம்" என்று அவர் சொன்னாராம். அதுதான் குற்றம்! பெண் மறுத்தால் கற்புக்கரசி. ஆண் மறுத்தால் கோழை. என்ன நியாயமோ!

அதே வாலிபர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் போனால் சுவரில் நோட்டீசு: 'இளமையில் தவறு செய்தவரா?' லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் 'வைத்தியர்', விந்து போனால் ஆண்மையே போச்சு என்று பயமுறுத்தி லேகியத்துக்குக் காசு பறிக்கிறார். ஆகப் போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம்! விந்து வெளியேறுவதால் உடம்பு கெடாது என்று டாக்டர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள். இத்தகைய விளம்பரத்துக்கு 1954-லேயே தடைச் சட்டம் வந்தாச்சு. முதல் தடவை சிக்கினாலே 6 மாதம் வரை ஜெயில் உண்டு. நோட்டீசு மட்டும் சுவரை விட்டு இறங்கக் காணோம்.

வீம்புக்குப் போகிறவர் மருந்துக் கடையில் உறை கேட்க வெட்கப்படுகிறார். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-ல். அதை மறந்துவிட்டுத்தான் இந்தச் சவடால்!

பெஞ்சு வாலிபரா? ஐந்து பேர் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டார்.