பழைய காருக்கு யார் பொறுப்பு?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு-சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் புதிய கார்களின் விலை எவ்வளவு குறைந்தது என்று நிறையவே விவாதித்தோம். புதிய கார் வாங்குபவர் விட்டுச்செல்லும் பழைய கார் யாரிடம் போகிறது, எந்த நிலையில் போகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

2024-25 நிதியாண்டில் நாட்டில் சுமார் 43 லட்சம் புதிய பயணியர் வாகனங்கள் விற்பனையாயின. பழைய கார்களின் விற்பனை அதைவிட அதிகம் என்பது இத்துறையினரின் கணிப்பு. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இயான், க்விட் போன்ற சிறிய கார்களே இச்சந்தையின் முதுகெலும்பு. இவற்றை வாங்குவோரில் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் கார். இரு சக்கர வாகனத்தில் நான்கு பேராக நெருக்கியடித்துச் சென்ற குடும்பம், சேமிப்பைத் திரட்டி, மீதிக்குக் கடன் வாங்கி எடுக்கும் முடிவு அது. ஆகவே, இதை வெறும் வணிகப் பேரமாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி, தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகே வாகனத்தைச் சோதித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் அந்தக் கார் நான்கு பேரிடம் கைமாறினாலும், பிரேக் சரியாகப் பிடிக்கிறதா, அடித்தளம் துருப்பிடித்திருக்கிறதா என்று எவரும் சான்றளிக்க வேண்டியதில்லை. கேட்கப்படுபவை படிவங்கள் 29, 30, காப்பீடு, புகைச் சான்று ஆகியவையே. இணையத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால், கார் எத்தனையாவது உரிமையாளரிடம் இருக்கிறது, காப்பீடு எப்போது முடிகிறது என்பவை தெரிந்துவிடும். எஞ்சினின் நிலை தெரியாது.

பழைய சிறிய காரில் வரும் கோளாறுகள் எந்தப் பட்டறைக்கும் புதியவை அல்ல. நகர நெரிசலில் ஓடிய காரில் கிளட்ச் பிளேட் முதலில் தேயும். குண்டும் குழியுமான சாலைகள் ஷாக் அப்சார்பரையும் லோயர் ஆர்ம் புஷ்களையும் பதம் பார்க்கும். கூலன்ட்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் ரேடியேட்டர் உட்புறம் அரித்து அடைபடும்; எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். பழைய சான்ட்ரோ போன்ற கார்களில் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். ஓடும்போது அது அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே பிரித்துப்போடும் செலவாகிவிடும்.

சென்னைக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. முழு இழப்பு என்று தீர்க்கப்பட்ட கார்களும் ஏலத்தில் விற்கப்பட்டு, பழுதுநீக்கப்பட்டு, மெருகேறி மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. மின்கம்பி இணைப்புகளில் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தெரிந்தவர் தப்பிக்கிறார். தெரியாதவர் மாட்டிக்கொள்கிறார்.

உறவினர் ஒருவருக்காக நான் பார்க்கச் சென்ற ஒரு காரின் மீட்டர் 48 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது. ஆனால், பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கின் தோல் பளபளத்தது. விற்பவரிடம் கேட்டபோது, “மீட்டரைப் பார்த்தா சார் கார் வாங்குவாங்க?” என்று சிரித்தார். மீட்டரைத் திருப்பி வைப்பது இச்சந்தையில் அந்த அளவுக்கு இயல்பாகிவிட்டது.

செலவுக் கணக்கும் இப்படித்தான் மறைந்து நிற்கிறது. இரண்டரை லட்சம் ரூபாய்க் கடனை 14 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 6,830 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 78 ஆயிரம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், இன்னொரு 6,700 ரூபாய் பெட்ரோலுக்குப் போகும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 2022-ல் நிர்ணயிக்கப்பட்டபடி, ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். விற்றவர் சேர்த்து வைத்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ சலுகை வாங்கியவருக்கு வராது. டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் தனி. 15 ஆண்டுகளைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. விற்பனை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்ட குடும்பம் முதல் ஆண்டிலேயே திணறுவதில் வியப்பில்லை.

இப்போது எரிபொருளும் மாறியிருக்கிறது. 2023-க்கு முன் தயாரான கார்களில் பெரும்பாலானவை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. சில பழைய வாகனங்களில் 20 முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் கூறியது. அது மலிவான வேலைதான் என்றும் சேர்த்துச் சொன்னது. மலிவோ இல்லையோ, அந்தச் செலவைச் சுமப்பவர் பழைய காரை வாங்கியவர்தான்.

பதிவு பெற்ற வணிகர் பழைய காரை விற்கும்போது, அவருக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதான வரியைச் சிறிய கார்களுக்கும் 18 சதவீதமாக்க, ஜிஎஸ்டி மன்றம் 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. அதற்கு முன்பு அது 12 சதவீதம். இந்த வரி சரியா என்பது வேறு விவாதம். லாபத்தில் பங்கு கேட்கும் அரசு, விற்ற பொருளின் நிலைக்கு வணிகரிடம் எழுத்துபூர்வமான பொறுப்பைக் கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய வாகன வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால், அவற்றின் கவனம் உரிமை மாற்றத்திலும் ஆவணங்களிலுமே நிற்கிறது.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். கார் பலரிடம் கைமாறியிருந்தாலும் விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றத்தைத் தரகரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை உணர வேண்டும்.

பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கட்டாயம். ஒவ்வொரு சோதனையின்போதும் மீட்டர் அளவு பதிவாகிறது. பதிவு எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் அதை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே மீட்டரைத் திருப்பி வைப்பது எளிதல்ல.

இங்கே அத்தகைய ஏற்பாடு விலையை உயர்த்தும், தரகர்கள், சிறு பட்டறைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற எதிர்வாதம் எழலாம். சோதனைக் கட்டணம் ஒரு செலவுதான்; மறுக்கவில்லை. ஆனால், உண்மையை மறைப்பதால் வரும் செலவு இப்போதும் இருக்கிறது. அதை முழுவதுமாகச் சுமப்பவர், பேரத்தில் மிகக் குறைவாக விவரம் தெரிந்தவர். சோதிக்கும் பணியை அங்கீகாரம் பெற்ற சிறு பட்டறைகளுக்கே கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம் கிடைக்கும்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு புகைச் சோதனையிலும் மீட்டர் அளவைப் பதிந்து எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகத் தீர்த்த காரின் பதிவில் அந்தக் குறிப்பைச் சேர்க்கலாம். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், அடித்தளம் ஆகிய ஐந்தின் நிலையைச் சொல்லும் ஒரு பக்கச் சான்றை உரிமை மாற்றத்துக்குக் கட்டாயமாக்கலாம்.

அரசு இதைச் செய்யும்வரை, நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லாமல் எவரும் முன்பணம் கொடுக்க வேண்டாம். வாங்கும் விலையில் ஒரு பகுதியை முதல் ஆண்டின் பழுதுச் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஆனால், சட்டம் செய்ய வேண்டிய வேலையைக் குடிமக்களின் எச்சரிக்கை உணர்வே என்றென்றைக்கும் செய்துகொண்டிருக்க முடியாது. பிரேக் பிடிக்காத காரின் முன்னால் நடந்து செல்பவருக்கு, அந்தக் காரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகூட இருந்ததில்லை.