இழுக்கல் நிலத்தில் ஒரு விரிப்பு

சங்கப் பாடலையும் நவீனக் கவிதையையும் பேசுகிற இடத்தில், குளியலறைத் தரையில் போடும் ரப்பர் விரிப்பைப் பற்றி எழுத வந்துவிட்டோமே என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். வள்ளுவர் சுளித்திருக்கமாட்டார். கேள்வி அதிகாரத்து 415ஆம் குறளில், ஒழுக்கமுடையாரின் வாய்ச்சொல் எத்தகையது என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட உவமையே வழுக்கு நிலத்தில் கைக்கு உதவும் ஊன்றுகோல்தான். வழுக்கலுக்கு அவர் ஆண்ட சொல் ‘இழுக்கல்’. சேற்று நிலம் என்று கொள்வார் பரிமேலழகர். வகுப்பில் இக்குறளை நடத்தும்போதெல்லாம் நாங்களும் மழைக்கால வரப்பைத்தான் காட்டி வந்தோம். அந்த இழுக்கல் நிலம் வீட்டுக்குள்ளேயே, எட்டடிக்கு ஐந்தடி அறையில், வெள்ளை வெளேரென மின்னிக்கொண்டு கிடக்கிறது என்பது சென்ற கார்த்திகையில்தான் எங்களுக்கு உறைத்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல். எழுபத்தாறு வயதிலும் தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து, தாமே தண்ணீர் வார்த்துக்கொள்பவர். வழுக்காமல் இருக்க வேண்டும் என்று, அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் அன்போடு கொண்டுவந்து தந்த விரிப்பைத் தரையில் போட்டிருந்தோம். அடிப்பக்கம் முழுவதும் சின்னஞ்சிறு உறிஞ்சு கிண்ணங்கள். அம்மா அதன்மேல் கால் வைத்தார். விரிப்பு அவரையும் ஏற்றிக்கொண்டு சுவர்வரை சறுக்கியது. கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

சத்தம் கேட்டு ஓடிப்போய் நாங்கள் சொன்ன முதல் சொல்லை இங்கே பதிவு செய்யாவிட்டால் இக்கட்டுரைக்கு நேர்மை இராது. “பார்த்து நடக்கக் கூடாதாம்மா?” என்றோம். அவரும், “ஆமா சாமி, நாந்தான் பாத்து வெச்சிருக்கோணும்” என்றார். விழுந்தவரே மன்னிப்புக் கேட்க, விழவைத்தவர்கள் அதைப் பெற்றுக்கொண்டோம். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இந்த உரையாடல் அச்சு மாறாமல் நடந்திருக்கும்!

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் நிகழ்கின்றன. மிகுதியும் அறுபதைக் கடந்தவர்கள். சாலையில் ஒருவர் அடிபட்டால் வண்டியை, ஓட்டியவரை, பள்ளத்தைக் குற்றம் சொல்கிறோம். குளியலறையில் விழுந்தால் மட்டும் குற்றம் முழுவதும் விழுந்தவர் தலையில்.

அந்த அமெரிக்க விரிப்பு மட்டமான சரக்கன்று. அது பிறந்த இடம் வேறு. மேலைநாட்டார் குளிப்பது தொட்டிக்குள். அதன் அடித்தளம் எனாமல் பூசியதாகவோ அக்ரிலிக்காகவோ, இணைப்பே இல்லாத ஒரே வழவழப்பாக இருக்கும். உறிஞ்சு கிண்ணத்தை அதன்மேல் அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். பிறகு வெளிக்காற்றின் அழுத்தம், சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவில், அதைப் பிடித்து அமுக்கிக்கொள்ளும். நம் குளியலறையிலோ ஓரடிக்கு ஓரடி டைல்ஸ், நடுவே சிமெண்ட் இணைப்புக் கோடுகள். கோட்டின்மேல் அமர்ந்த கிண்ணத்துக்குள் காற்று புகுந்துவிடும். சொரசொரப்பான டைல்ஸாக இருந்தால் கோடே தேவையில்லை, எங்கும் புகும். பிடிப்பு விட்ட கிண்ணத்தின் அடியில் சோப்பு நீர் சேர்ந்தால் அது விரிப்பன்று, சறுக்குப் பலகை.

இதனோடு நம் குளியலின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொட்டிக் குளியலில் நனைவது தொட்டி. வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் குளியலில் அறை முழுவதும் நனையும். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடிக் கரையாத வெண்படலமாகத் தரையில் படியும். காய்ந்தால் கறை, நனைந்தால் வழுக்கல். அதன்மேல் எண்ணெய். எண்ணெயை எடுக்கும் அரப்பு, உசிலை மரத்தின் இலைப் பொடி, கூந்தலுக்கு எவ்வளவு நல்லதோ, தரையில் தேங்கிய அதன் குழம்பு காலுக்கு அவ்வளவு கெட்டது. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் உண்டு. அது இணைப்புக் கோட்டுச் சிமெண்டை அரித்துப் பள்ளமாக்கும். கிண்ணங்கள் ஒட்டாமல் போவதற்கு இன்னொரு காரணமும் ஆயிற்று.

அம்மா தம் காலத்துப் பழைய வீட்டில் விழுந்ததே இல்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தோம். எங்கள் பக்கத்துப் பேச்சில் பொடக்காலி எனப்படும் புழக்கடையில், ஓலைத் தட்டி மறைவில், ஒரு கருங்கல் பலகை கிடந்தது. உளி போட்டுக் கொத்திய கல். கால் பட்டுப் பட்டு வழவழப்பானதும், அம்மி கொத்த வருபவரிடமே அதையும் கொத்தச் சொல்லிக் கால்படி தானியம் அளப்பார்களாம். வழுக்காத தரைக்கு ஒரு தொழிலும் அதற்குரிய கூலியும் இருந்திருக்கின்றன. பழைமை எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பொடக்காலியில் மழையும் உண்டு, பாம்பும் உண்டு; இருட்டுவதற்காகக் காத்திருந்து குளித்த பெண்களுக்கு இன்றைய தாழ்ப்பாள் போட்ட அறை பெரும் விடுதலை. ஆனால் அறையைக் கட்டிய நாம் கல்லின் சொரசொரப்பை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டோம். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸைக் கடையில் உலர்ந்த நிலையில், விளக்கு வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து வாங்குகிறோம். ஈரத்தில் வெறுங்காலால் பார்த்து வாங்கியவரை நாங்கள் கண்டதில்லை.

கட்டுப் பிரித்ததும் வேறு விரிப்பு தேடிச் சேலத்துக் கடைகளில் அலைந்தோம். ஒரு கடைக்காரர் கண்ணாடி மேசையின்மேல் விரிப்பை அழுத்திவிட்டு, “இழுத்துப் பாருங்க சார்” என்றார். அசையவில்லை. கண்ணாடியில் குளிப்பதாக இருந்தால் அதையே வாங்கியிருப்போம். இன்னொருவரிடம், ஒரு டைல்ஸ் துண்டை நனைத்துச் சோப்பு தடவி அதன்மேல் வைத்துக் காலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றோம். ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துவரச் சொன்னார். அவர் கடையில்தான் வாங்கினோம்.

அந்த அலைச்சலில் கற்றது இவ்வளவு. இணைப்புக் கோடுள்ள தரைக்குக் கிண்ணம் வைத்த விரிப்பு உதவாது; தன் எடையாலேயே படிந்து கிடக்கும் கனமான ரப்பர் விரிப்பு வேண்டும். நீரும் அரப்பும் வழிந்தோட அதில் துளைகள் இருக்க வேண்டும். ஓரம் சுருண்டு நிமிர்ந்திருந்தால் வழுக்கலுக்குப் பதில் தடுக்கல். நான்கு மூலையும் தானே படிகிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்க்கலாம். ஒன்றரை அடித் துண்டு எண்ணெய்க் குளியலுக்குப் போதாது, உட்காரும் முக்காலியின் நான்கு காலும் விரிப்புக்குள் அடங்க வேண்டும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் நாளடைவில் உப்பி இளகும் என்பதால் அன்றன்றே சோப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். அறை முழுக்கப் பொருத்தும் சல்லடை போன்ற பிளாஸ்டிக் துண்டுகளும் கிடைக்கின்றன. நல்லவைதாம், ஆனால் வாரம் ஒருமுறை பெயர்த்துக் கழுவ ஆள் வேண்டும், இல்லையேல் அடியில் பாசி குடியேறும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளை டைல்ஸுக்கு வெள்ளை விரிப்பு எடுப்பாக இருக்கும் என்று வீட்டில் ஒரு கருத்து எழுந்தது. கண்புரை உள்ள கண்ணுக்கு வெள்ளையில் வெள்ளை தெரியாது. கரும்பச்சை வாங்கினோம். அழகாக இல்லைதான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. அது கதவுக்கு வெளியே இருக்கிறது. ஈரக்காலைத் துடைக்க நாம் போட்டு வைக்கும் பழைய துணி மிதியடி. பளபளவென்று மெருகேற்றிய விட்ரிஃபைடு தரையின்மேல் அது கிடக்கும் கிடையைப் பார்த்தால், யாரோ நம்மேல் பகைகொண்டு வைத்ததுபோல் இருக்கும். அதன் அடியில் ரப்பர் இல்லாவிட்டால் எடுத்துவிடுவது மேல்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியது, விரிப்பு என்பது தரை செய்த பிழைக்குப் போடும் ஒட்டு என்பதே. இப்போது வீடு கட்டுபவர்களாவது தரையைக் கேட்டு வாங்கலாம். எண் 51097 கொண்ட ஜெர்மானியத் தரவிதி வகுத்துத் தந்த சோதனை ஒன்று உண்டு. சாய்தளத்தில் சோப்பு நீர் ஓடவிட்டு, வெறுங்காலோடு மனிதரை நடக்கவிட்டுச் சாய்வை ஏற்றிக்கொண்டே போவார்கள். 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. குளிக்கும் இடத்துக்கு பி வேண்டும். கடைகளில் ஆர்9, ஆர்10 என்று சொல்லப்படும் எண், காலணி அணிந்து எண்ணெய்த் தரையில் நடந்து பார்த்த வேறொரு சோதனையினுடையது. வெறுங்காலுக்கு அது பேசாது. பெரிய டைல்ஸைவிடச் சிறிய டைல்ஸ் நல்லது. கோடுகள் கூடக் கூடக் காலுக்குப் பிடி. கொத்தனாரிடம் வாட்டம் சரியாக இருக்கட்டும் என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டும். தேங்காத நீர் வழுக்குவது குறைவு.

சுவரில் கைப்பிடியும் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது. பிளாஸ்டிக் அடைப்பில் திருகிய அது, விழுகிறவர் பிடித்தால் அவரோடு பெயர்ந்து வரும். சுவரில் ஆழத் துளையிட்டு நங்கூர போல்ட் போட்டு இறுக்கிய எஃகுக் குழாய் வேண்டும். வள்ளுவரின் ஊற்றுக்கோலைச் சுவரில் அறைந்ததாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தை மாதம் பொருத்தினோம். பச்சை விரிப்பும் அசையாமல் கிடக்கிறது. அம்மா அந்தக் கைப்பிடியை முதல் வாரம் முழுவதும் ஈரச் சேலை போடத்தான் பயன்படுத்தினார். திட்டாமல், சேலைக்கென்று தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தோம்.