கேட்க ஆளில்லை, அளக்க ஆள் வருகிறது

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க பி.எட். மாணவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பும் முடிவில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் பிடிவாதமாக நின்றது. இதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் சொன்ன காரணங்களை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. அவற்றில் பாதி ஆசிரியரின் கௌரவம் பற்றியவை. நமக்கு எரிச்சல் மூட்டுவது வேறு.

பி.எட். என்பது பட்டதாரி ஆசிரியருக்கான படிப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே, அவரவர் பாடத்தைக் கற்பிக்க அவர்கள் தயாராகிறார்கள். முதல் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தருவது வேறு தொழில். அதற்குத்தான் தொடக்கக் கல்விப் பட்டயம் தனியாக இருக்கிறது. தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்ட் 11 அன்று சொல்லிவிட்டது. பி.எட். படித்தவர்களுக்கு வழிவிட்ட 2018ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழும (என்சிடிஇ) அறிவிக்கையும் செல்லாமல் போனது. தீர்ப்பு வந்த அதே 2023இல், பி.எட். முடித்தவர்களைக்கூட அல்ல, படித்துக்கொண்டிருப்பவர்களை அனுப்பி, அந்த வகுப்புகளில் நடக்கும் வேலையை எடைபோடச் சொன்னார்கள். கற்பிக்கத் தகுதியில்லாதவர் மதிப்பிடத் தகுதியானவர் என்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு குழந்தை வாசிக்கத் தொடங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இதன் அபத்தம் உடனே புரியும். தமிழில் எழுத்து 247 என்பதைக்கூட விடுங்கள். ‘கொ’ என்ற எழுத்தில் உயிர்க்குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகும் ஆறு வயதுக் கண் அங்கே தடுமாறத்தான் செய்யும். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று விதம். இதெல்லாம் எந்த அட்டவணையிலும் அடங்காது. வாசிக்க வாசிக்கக் காதில் ஏற வேண்டும். போதாக்குறைக்கு, புத்தகத்தின் மொழி வீட்டில் பேசும் மொழி இல்லை. ‘வீட்டிற்குச் சென்றான்’ என்று அச்சடித்திருப்பதைக் குழந்தை ‘வீட்டுக்குப் போனான்’ என்று வாசிக்கிறது. வாக்கியம் அதற்குப் புரிந்துவிட்டது, வாசிப்பின் பெரிய படியைத் தாண்டிவிட்டது. ஆனால் கையில் படிவத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்நியருக்கு அது பிழை. இன்னொரு குழந்தை ‘மரம்’ என்று கணீரென்று சொல்கிறது. மேலே மரத்தின் படம் இருப்பதால்தான் சொல்கிறது என்பதும், படத்தை மறைத்தால் திணறும் என்பதும் அதன் டீச்சருக்குத் தெரியும். ஒரு நாள் வந்து போகிறவருக்கு அது சரியான விடை.

முதல் வகுப்பில் புது முகத்தைக் கண்டாலே வாயைத் திறக்காத பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். தன் டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதை முழுவதையும் வாசிக்கிற பிள்ளை, வந்தவர் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த மௌனமும் மதிப்பெண்ணாகி மேலே போகும். ‘பின்தங்கிய ஒன்றியம்’ என்று ஒரு வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்து ஓர் ஆய்வுக் கூட்டம் நடக்கும்.

இத்தனைக்கும் அப்போது மதிப்பீட்டுக்கு என்ன பஞ்சம்? அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து, வளரறி, தொகுத்தறி என்று அடுக்கடுக்காகத் தேர்வு வைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் செயலியில் பதிவிடும் வேலை ஏற்கெனவே ஆசிரியர் தலையில் இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஆகவே நம் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிதான் வழக்கம்: ஒருவர் ஒன்று முதல் மூன்று, இன்னொருவர் நான்கும் ஐந்தும். முப்பது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் இரண்டரை மணி நேரம். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கூடும். அதுவரை மற்ற இருபத்தொன்பது பேரும் என்ன செய்வார்கள் என்று சுற்றறிக்கை எழுதியவர் யோசித்தாரா? சக ஆசிரியருக்கு அன்று பயிற்சி வகுப்பு என்றால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில்.

ஆட்சிகள் மாறியிருக்கின்றன, அமைச்சர்கள் மாறியிருக்கிறார்கள். கோப்பில் குறிப்பெழுதும் கை மட்டும் மாறவில்லை. அட்டைகளை வைத்துக் குழந்தை தானே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை நினைவிருக்கிறதா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. அங்கே அதை ஆசிரியர்கள் மெல்ல மெல்லத் தங்கள் கைப்பக்குவத்தில் வளர்த்தார்கள். 2007 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் ஒரே வீச்சில் உத்தரவு போனது. அட்டைகள், ஏணிப்படி, கம்பிப் பந்தல், குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை எல்லாம் வந்தன. ஆய்வுக்கு வந்தவர்கள் பந்தலில் தாள் தொங்குகிறதா என்று பார்த்தார்கள்; தாளில் எழுதியிருப்பதைக் குழந்தை வாசிக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. பிறகு அதை எளிமைப்படுத்தினார்கள். பிறகு புதிய புத்தகம். பிறகு அட்டைகள் அலமாரிக்குப் போயின. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று யாராவது உட்கார்ந்து ஆசிரியர்களிடம் கேட்டார்களா? அடுத்த திட்டத்துக்குப் பெயர் வைக்கும் வேலை இருந்தது.

2019இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு! பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று எந்த அறையில் யார் முடிவெடுத்தார்களோ. மாதக்கணக்கில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பதற வைத்துவிட்டு, 2020 பிப்ரவரியில் ரத்து என்றார்கள். அறிவித்தவர் யார், ஏன் அறிவித்தார், யார் பொறுப்பேற்றார் என்று ஒரு வரி விளக்கம் வரவில்லை. அடுத்த மாதமே கொரோனா வந்து பள்ளிகளை மூடியதால் அந்தக் கேள்வியும் அப்படியே அமுங்கியது.

அதன் பிறகு நடந்ததாவது இவர்களுக்குப் பாடமாகியிருக்க வேண்டும். 2021 நவம்பர் 1 வரை தொடக்க வகுப்புகள் திறக்கவில்லை. 2023இல் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளை முதல் வகுப்பு முழுவதையும் வகுப்பறையே பார்க்காமல் கழித்தது. இந்த நிலையில் தெருவில், திண்ணையில், கோயில் மண்டபத்தில் மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்தது அளக்கும் வேலையில்லை. பிள்ளை தடுமாறிய இடத்தில் விரல் வைத்து, ‘திரும்பச் சொல்லு கண்ணு’ என்றார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னப் புத்தகங்கள் போடவும் இதே துறைக்குத்தான் தோன்றியது. ஆக, நல்லது தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. தெரிந்தும், புள்ளிவிவரத்தின் மேல் இருக்கும் ஆசை விடவில்லை.

2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி வாசிக்க வேண்டும் என்பது 2022 ஜூனில் முதலமைச்சர் தொடங்கி வைத்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்காக இருந்தது. அதற்கு வேண்டியது ஒவ்வொரு குழந்தையும் தினமும் கொஞ்ச நேரமாவது வாய்விட்டு வாசிக்கவும், அதைப் பொறுமையாகக் கேட்கவும் ஓர் ஆள். அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவது, காலிப் பணியிடங்களை நிரப்பியா, தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் அழைத்தா, எழுத்து வேலையைக் குறைத்தா என்பதைத் துறைதான் யோசிக்க வேண்டும். சம்பளம் வாங்குவது அதற்குத்தான். பி.எட். மாணவர்கள் அவரவர் கல்லூரியிலேயே இருக்கட்டும். அவர்களை அனுப்பச் சொன்னவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஓர் ஈராசிரியர் பள்ளியில் முதல் வகுப்பை எடுத்துப் பார்க்கட்டும். செயலியையும் அவர்களே நிரப்பட்டும்.