சர்ப்பகந்தா யார் பக்கச் சாட்சி?

"தலைமுறை தலைமுறையாகச் சோதித்துவிட்டோம், இனி எந்த ஆய்வும் தேவையில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கள், வேர்ப்பொடி போதும்." வாடிப்பட்டியில் மூலிகை வைத்தியர் ஒருவர் இப்படிப் பேசியிருக்கிறார். ஆதாரமாகச் சர்ப்பகந்தா என்ற மூலிகையைக் காட்டுகிறார். அவர் கூட்டிவந்த சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது.

சர்ப்பகந்தா ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. அது எப்படித் தெரிந்தது? கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் அதைப் பற்றி எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949இல் முடிவை வெளியிட்டார். 1952இல் சிபா மருந்து நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். 1967இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரெசர்பின் அடங்கிய கூட்டு மருந்து சாப்பிட்ட 73 பேரில் 2 பேருக்கே கடும் பாதிப்பு வந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்ட 70 பேரில் 27 பேருக்கு வந்தது. அந்த வேருக்கு உலகில் மதிப்பைத் தேடித்தந்தது, அந்த வைத்தியர் வேண்டாமென்கிற அதே சோதனைதான்.

தலைமுறைகள் சோதித்தனவாம். எதைக்கொண்டு? கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை ரிவா-ரோச்சி அறிமுகம் செய்ததே 1896இல். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளக்காமல், "உடம்பு லேசாக இருக்கிறது" என்று நோயாளி சொல்வதை வைத்து அழுத்தம் இறங்கிவிட்டதென்று எந்தப் பாட்டனாரும் அறிந்திருக்க முடியாது. முன்னோர் அந்த வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்தார்கள். பாம்புக்கடிக்கும் அதே தலைமுறைச் சான்று இருக்கிறதே! வயலில் நல்லபாம்பு தீண்டியவரை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வேரைக் கொடுத்து வீட்டில் படுக்கவைக்க வைத்தியருக்குத் துணிவுண்டா?

"பக்கவிளைவே கிடையாது" என்பது அடுத்த பொய். ரெசர்பின் மூக்கடைப்பைத் தரும், நாடித்துடிப்பைக் குறைக்கும், சிலரை மனச்சோர்வில் தள்ளும். வேரில் அந்தச் சத்து செடிக்குச் செடி மாறும். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதோடு பொடியையும் சேர்த்தால் அழுத்தம் அளவுமீறி இறங்கலாம்.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதை நிறுத்தச் சொல்பவர், பக்கவாதம் வந்தால் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வரப்போவதில்லை. தம் பொடியில் நம்பிக்கை இருந்தால், வகீல் செய்ததைச் செய்யட்டும்: அளந்து கொடுக்கட்டும், அளந்து பார்க்கட்டும், பலிக்காத கணக்கையும் சேர்த்து வெளியிடட்டும். அதுவரை மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை.