மாலைப் பொழுது யாருடையது?

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் சென்னைச் சிறுவர்கள் வருகிறார்கள். குயவர் சக்கரத்தில் கைவைத்து, களிமண் கலயமாவது கண்டு களிக்கிறார்கள். காண நமக்கும் மகிழ்ச்சியே!

ஆனால் தோழர்களே, அந்தச் சக்கரத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1953-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியாரின் திட்டம் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகச் சுருக்கிற்று. மீதிப் பொழுதில்? தந்தை தொழிலை மகன் கற்கட்டும் என்றது. குயவர் மகனுக்குச் சக்கரம், மீனவர் மகனுக்கு வலை, மகளுக்கோ அடுப்படி! குலக்கல்வி எனக் கொதித்தெழுந்தது தமிழகம். 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது.

சக்கரமா குற்றவாளி? ஒருவனுக்கு அது விருப்பம். மற்றவனுக்குப் பிறப்பு பூட்டிய விலங்கு!

இன்று வேறொரு விலங்கு வந்திருக்கிறது. பள்ளி விட்டதும் பாட்டு, பரதம், சதுரங்கம், தனிப்பயிற்சி! ஊர் மெச்ச வேண்டுமாம்! பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டவர் எத்தனை பேர்? கட்டணம் கட்ட இயலாத கடலோரக் குப்பத்துப் பிள்ளைக்கோ, விரும்பினாலும் அவை எட்டாக்கனி.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஏட்டில் ஏற்றதை வீட்டில் ஏற்க வேண்டாமா?

நாம் கேட்பது மூன்று. கலையும் விளையாட்டும் எல்லாப் பள்ளியிலும் கட்டணமின்றிக் கிடைக்கட்டும். எதைக் கற்பது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். எதுவும் கற்காமல் மணலில் ஆடும் மாலையும் பிள்ளைக்கு இருக்கட்டும்!

அன்று பள்ளிப் பொழுதைக் காத்தோம். இளைஞர்களே, இன்று ஓய்வுப் பொழுதைக் காப்போம்!